மூலவர் ஜோடி

ஓசூர் பக்கம் வயர் இல்லாத இயர்பட்ஸ் செய்கிற தொழிற்சாலை ஒன்று. அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்து மூன்று. இதை வைத்து கேன்டீனில் கேலி செய்யாத ஆள் கிடையாது. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் கிடையாது.

குருவின் பெயர் ஜெசிந்தா. கேட்பு அறை அவர் பொறுப்பில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு பதித்த சின்ன அறை அது. மெஷின் அளந்து முடித்த சரக்கை மனிதக் காது ஒரு தடவை கேட்டுக் கையெழுத்துப் போடுகிற இடம். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு ஜோடிகூட கேட்டைத் தாண்டாது.

சீடர் வரதராஜுலு. இருபத்தைந்து வருஷம் மைக் செட் தொழில் செய்தவர். பத்து ஸ்பீக்கர் கட்டினால் அதில் எது கரகரக்கிறது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிடுவார். அப்படிச் சொல்வார் என்பதையும் அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "எனக்குக் காது கத்துக்குடுக்க வேண்டாம் மேடம்" என்றார்.

ஜெசிந்தா ஒரு ஜோடியை நீட்டினார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அது உங்களப் பத்தின சேதி சார். உள்ள என்ன கேட்டுச்சு?"

வரதராஜுலு அந்த ஜோடியை மறுபடி காதில் வைத்தார். அன்றைக்கே சீடராகிவிட்டார்.

அந்த அறையில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வெல்வெட் விரித்த பெட்டி, பூட்டு வேறு. உள்ளே ஒரே ஒரு ஜோடி இயர்பட்ஸ். மூன்று வருஷத்துக்கு முன், முதன்முதலாக வந்த இருநூறு ஜோடிகளை ஒன்பது நாள் கேட்டு ஜெசிந்தா தேர்ந்தெடுத்தது. காகிதத்தில் அதற்குப் பெயர் கோல்டன் சாம்பிள். ஆனால் தொழிற்சாலையில் எல்லோரும் அதை மூலவர் என்றுதான் சொல்வார்கள். விற்பனைக்குப் போகிற ஜோடிகள் ஊர் சுற்றும், இது கருவறையை விட்டு வெளியே வராது என்பதால் வந்த பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஜெசிந்தா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

தினமும் காலையில் மூலவரை ஒலி மெஷினில் மாட்டித்தான் அதற்கு அளவு சொல்வார்கள். பிறகு கேட்பவர்கள் நான்கு பேரும் வரிசையாக ஆளுக்கு மூன்று நிமிஷம் அதைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அப்புறம்தான் வேலை தொடங்கும். காதில் செருகும் ரப்பர் முனை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மற்றபடி அந்த ஜோடியைத் திறக்கக்கூடாது, தட்டக்கூடாது, உள்வலையைச் சுத்தம்கூடச் செய்யக்கூடாது. செய்தால் சத்தம் மாறிவிடுமாம். விதி அப்படி.

மூலவரில் கேட்பது எப்போதும் ஒரே பதிவு. எவர்சில்வர் தட்டில் கரண்டி விழும். கொலுசுக் கால் ஒன்று நடந்து போகும். மிருதங்கத்தில் நாலு தட்டு. கடைசியில் ஒரு பெண் குரல் நாலு வரி தாலாட்டு பாடும். அந்தக் குரல் ஜெசிந்தாவுடையதுதான். பாட்டுக்காரரைக் கூப்பிட்டு வர நேரமில்லாத ஒரு நாளில் அவரே பாடிவிட்டார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அதன் பிறகு வரதராஜுலுவுக்குக் காதில் சீழ் பிடித்தது. நாற்பது நாள் காதுக்குள் எதையும் செருகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது நாளும் வீட்டில் தூண் மாதிரி உட்கார்ந்திருந்தார். இனி அந்த அறைக்குள் விடுவார்களா என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை.

விட்டார்கள். அவர் திரும்பி வந்த அன்று புது லைனின் முதல் சரக்கு வந்திருந்தது. நாலாயிரம் ஜோடி.

லைன் லீடர் பர்வீன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சார், எங்க பொண்ணுங்க இருபது பேரும் முதல் தடவையா பண்ணது. முப்பது தடவை கருங்கல்லு மேல போட்டாங்க, ஒண்ணும் ஆகல. உப்புத் தண்ணியில ஊற வச்சாங்க, ஒண்ணும் ஆகல. பத்தாயிரம் தடவை டப்பா மூடியத் திறந்து மூடுச்சு அந்த மெஷினு. கீல் அசையல சார்."

"அப்புறம் என்ன?"

"சத்தம் சரியில்லன்னு சொல்லுது சார் மெஷினு. டிரெபிள், அந்தக் கீச்சு சத்தம், தூக்கலாம்."

ஒலி மெஷின் சிவப்பு காட்டியிருந்தது. காலையில் கேட்ட இருவரும் 'டிரெபிள் அதிகம்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஜெசிந்தா மீட்டிங்கில் இருந்தார். கடைசிக் கையெழுத்து அன்றைக்கு வரதராஜுலுவின் முறை. அவரும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாலாயிரமும் நொறுக்குகிற மெஷினுக்குப் போகும். பசை வைத்து ஒட்டிய சாமான், திறந்து சரி செய்ய வழி கிடையாது.

வரதராஜுலு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வழக்கப்படி மூலவரை முதலில் எடுத்துக் காதில் வைத்தார்.

கரண்டி விழுந்தது. கொலுசு நடந்தது. ஆனால் கொலுசைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது.

காது போய்விட்டது என்று நினைத்தார். இருபத்தைந்து வருஷம் சோறு போட்ட காது, ஊர் மெச்சின காது, ஒரு சீழில் போய்விட்டது.

பிறகு புதுச் சரக்கிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து மாட்டினார். கரண்டி பளிச்சென்று விழுந்தது. கொலுசின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்டது. தாலாட்டுக்கு முன்னால் யாரோ பக்கத்தில் மூச்சு இழுத்தார்கள். வரதராஜுலு திடுக்கிட்டு இயர்பட்ஸைக் கழற்றித் திரும்பிப் பார்த்தார். அறையில் யாருமில்லை.

மறுபடி கேட்டார். மறுபடி மூச்சு. மூலவரை மாட்டிக் கேட்டார். மூச்சு இல்லை.

பேனா கையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. மெஷின் அவர் பக்கம், மற்ற இருவரும் அவர் பக்கம். போடாவிட்டால் மூலவரிலேயே குறை என்று சொல்ல வேண்டும். சீழ் வந்த காதோடு நேற்று வரை வீட்டில் கிடந்த ஆள், குருவின் ஒன்பது நாள் உழைப்பைக் குறை சொல்வதா? அப்படிச் சொன்னால் காதோடு மூளையும் போச்சு என்பார்கள். அந்த அறைக் கதவு அத்தோடு மூடிவிடும்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஜெசிந்தா வரும்வரை காத்திருந்தார்.

ஜெசிந்தா வந்ததும் எழுந்து நின்றார். "மேடம், ஒண்ணு கேக்கணும். என் காது கெட்டுப்போச்சா?"

"என்ன கேட்டுச்சு?"

"மூலவர்ல மூச்சு இல்ல மேடம்."

"என்ன மூச்சு?"

"நீங்க பாடுறதுக்கு முன்னாடி இழுக்குற மூச்சு. புதுசுல இருக்கு. மூலவர்ல இல்ல. கொலுசும் மங்கலா இருக்கு."

ஜெசிந்தா பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜெசிந்தா கதவைத் திறந்து பர்வீனைக் கூப்பிட்டார்.

"புது லாட்டுல பதினொரு ஜோடி எடு. மூலவரையும் அதோட சேத்து ஒரே தட்டுல வை. ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நம்பர் போடு. எது எந்த நம்பருன்னு ஒரு பேப்பர்ல எழுதி நீயே வச்சுக்க. எங்க ரெண்டு பேருக்கும் தெரியக்கூடாது."

பர்வீன் மூலவரைத் தொடத் தயங்கினாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"சும்மா எடு. இதுவும் இயர்பட்ஸ்தான்" என்றார் ஜெசிந்தா.

தட்டு வந்தது. பார்த்தால் பன்னிரண்டும் ஒரே அச்சு. வரதராஜுலு ஒவ்வொன்றாகக் கேட்டார். பன்னிரண்டும் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு காகிதத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதி, எதிரே 'மங்கல், ரிஜெக்ட்' என்று போட்டு மடித்து வைத்தார்.

"பாக்கி பதினொண்ணுலயும் மூச்சு கேட்டுச்சா?" என்றார் ஜெசிந்தா.

"பதினொண்ணுலயும் கேட்டுச்சு மேடம்."

"கெட்டுப்போன காதுக்கா?"

வரதராஜுலு தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஜெசிந்தா விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து மீட்டிங் பேச்சைக் கேட்டு ஓய்ந்த காதுக்குக் கொஞ்சம் அமைதி கொடுத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார்.

முதல் ஜோடியிலேயே அவர் கை நின்றது. தாலாட்டு தொடங்குகிற இடத்துக்குத் திரும்பப் போனார். இன்னொரு தரம் போனார்.

"நான் மூச்சு இழுத்ததே எனக்கு மறந்துபோச்சு" என்றார்.

அப்புறம் பன்னிரண்டு வரை கேட்டார். முடிந்ததும் அவரும் ஒரு காகிதத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதினார்.

பர்வீன் மூன்று காகிதங்களையும் மேஜையில் விரித்தாள். வரதராஜுலு எழுதியது ஏழு. ஜெசிந்தா எழுதியது ஏழு. பர்வீன் காகிதத்தில் ஏழாம் எண்ணுக்கு எதிரே மூலவர் என்று இருந்தது.

"இது கீழ விழவே இல்லையே மேடம்" என்றார் வரதராஜுலு. "தண்ணி பட்டதில்ல. வெயில் பட்டதில்ல. வெல்வெட்லதானே இருந்துச்சு?"

ஜெசிந்தா ஏழாம் ஜோடியை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "பாருங்க" என்றார்.

உள்வலை அடைத்துக் கிடந்தது. நாலு பேர் காதழுக்கு, மூன்று வருஷக் காலை வேளைகள். ஒரு நாளைக்கு ஒரு நூல் என்று மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தினமும் கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை, நாற்பது நாள் கேட்காத காதுக்குத் தெரிந்தது. பழைய லைனும் இதைப் பார்த்துப் பார்த்துத் தன்னைச் சரி செய்துகொண்டு கூடவே மங்கியிருக்கிறது. மெஷின் பாவம், காலையில் மூலவர் சொன்னதை மாலை வரை திருப்பிச் சொல்லுகிற பிள்ளை.

"எங்க லைன மட்டும் முதல்ல போட்ட டிராயிங்க வச்சு செட் பண்ணோம் மேடம்" என்றாள் பர்வீன் மெதுவாக.

"அதான் சரியா இருக்கு" என்றார் ஜெசிந்தா.

பர்வீனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே லைனில் நிற்கிற இருபது பேரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனாலும் போகவில்லை. மேடம் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க நின்றாள்.

ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தார். நேற்று வரை யாரும் துடைக்கக்கூடத் துணியாத அந்த ஜோடியின் மேல் தன் கையாலேயே ஒட்டினார். ரிஜெக்ட் தாளில் காரணம் எழுதினார், கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். இந்த அறையில் தானும் ஒரு ஆள் என்பதில் வரதராஜுலுவுக்கு அந்த நிமிஷம் உண்டான பெருமை, எந்தக் கூட்டத்தின் கைதட்டலிலும் உண்டானதில்லை.

"நாலாயிரத்துக்கும் நீங்க கையெழுத்துப் போடுங்க சார்" என்றார் ஜெசிந்தா. "உங்க முறைதானே?"

வரதராஜுலு பேனாவைத் திறந்தார். 'கேட்டது: தெளிவு. கொலுசு தனித்தனி. மூச்சு உண்டு' என்று எழுதிப் பெயரைப் போட்டார். பர்வீன் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினாள். கதவிலிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது பேர் கைதட்டுவது தெரிந்தது. பஞ்சுச் சுவர், சத்தம் மட்டும் உள்ளே வரவில்லை.

சேதி மேலே போக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேஜை மேலிருந்த போன் அடித்தது. பிளான்ட் மேனேஜர். அவர் பேசினால் போனுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. ஒவ்வொரு சொல்லும் வரதராஜுலுவுக்குக் கேட்டது.

"ஜெசிந்தா, மூலவர ரிஜெக்ட் பண்ணிட்டீங்களாமே? மூணு வருஷமா மொத்த பிளான்ட்டும் அத வச்சுத்தான் ஓடுது!"

"ஆமா சார்."

"அதுல குறைன்னு முதல்ல சொன்னது யாரு? அந்த மைக் செட்காரரா?"

வரதராஜுலு எழுந்து நின்றுவிட்டார். போனைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். ஜெசிந்தா, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.

"அவர்தான் சார்."

"காதுல சீழ் வந்து நாப்பது நாள் லீவுல இருந்த மனுஷன்! அவர் பேச்சக் கேட்டு, நீங்களே தேர்ந்தெடுத்த ஜோடிய நீங்களே குப்பையில போடுவீங்களா?"

ஜெசிந்தா வரதராஜுலுவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவரத் தேர்ந்தெடுத்ததும் நான்தான் சார்."