பணியாரக்காரியின் முக்காலி

கருவேலங்குளம் ஜமீனில் கல்யாணம். விருந்தாளிகள் உட்கார, ஊரிலுள்ள முக்காலிகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. காரியஸ்தர் சிவக்கொழுந்து சந்தைக்கு வந்தவர், பணியாரம் சுடும் சீனித்தாயின் அடுப்பில் சட்டியைத் தாங்கி நின்ற இரும்பு முக்காலியையும் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, அது இல்லாட்டி என் பொழப்பே போயிரும். அதுல யாரு உட்காருவா?"

"மூணு கால் இருந்தா முக்காலி. சொல்லுக்குப் பொருளே அதுதான். எனக்கே தமிழ் சொல்லித் தர்றியா?"

சீனித்தாய்க்கு ஒரு சந்தேகம். "மூணு கால் இருந்தா எதுவானாலுமா, ஐயா?"

"எதுவானாலும்தான்!"

மறுநாள், வண்டியில் அடிபட்டு ஒரு காலை இழந்த நாயொன்றைக் கயிற்றில் கட்டி, கல்யாணப் பந்தலுக்கே கூட்டிவந்தாள்.

"இந்தாங்க, இன்னொரு முக்காலி. சம்பந்தியை உட்காரச் சொல்லுங்க."

பந்தலே சிரித்தது. ஜமீன்தார் என்னவென்று எழுந்து வந்தார். காரியஸ்தருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏய், மனுசன் உட்கார்றதைத்தான் ஊர்ல முக்காலின்னு சொல்லுவாங்க!"

"அப்படியா ஐயா? அப்போ என் இரும்பு முக்காலிக்கு அடியில தீ மூட்டித் தர்றேன். நீங்க ஒருதடவை உட்கார்ந்து காட்டுங்க."

ஜமீன்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கரி பிடித்த இரும்பைக் காரியஸ்தரே தலையில் சுமந்து சந்தைவரை நடந்தார்.