முரசுக் குதிரை நின்ற இடம்

"இந்தக் கிழக் குதிரை என்னை மதிக்கவே மாட்டேங்குது" என்றான் லேபரெக்ட்.

ஆல்பன் முதலில் குதிரையைத்தான் பார்த்தான். முதல் உலகப் போருக்கு முன்னால், ஜெர்மன் குதிரைப்படை வாத்தியக் குழுவில், ஒன்பது வருஷம் அதன் முதுகில் உட்கார்ந்து முரசு அடித்தவன் அவன்.

லேபரெக்ட் அதே படையில் சார்ஜென்ட். படையைக் கலைத்தபோது, ஏலத்தில் நாலு பேரை அதட்டி அடக்கிக் குதிரையைத் தட்டிக்கொண்டு வந்தவன்.

"இழுத்தா நிக்குது. அடிச்சா படுத்துக்குது. மத்தியான மணி அடிச்சதும் கசாப்புக்காரன்கிட்ட ஒப்படைக்கிறதாப் பேச்சு. அதுக்குள்ள வழி சொல்லுங்க, என் வாளைத் தரேன். நல்ல எஃகு."

"எனக்கும் ஒரு வாள் கொடுத்திருந்தாங்க, சார்ஜென்ட். ஒரு நாளும் உருவினதில்லை."

"பயமா?"

"கை எங்கே காலியா இருந்தது?"

லேபரெக்டுக்குச் சுருக்கென்றது. "கதை வேண்டாம். பேரத்துக்கு வாங்க."

"ஏறுங்க."

ஏறினான். ஆல்பன் அவனிடமிருந்து சாட்டையை வாங்கிக்கொண்டான். கடிவாள வாரையும் பிடுங்கி கால் வைக்கும் இரண்டு அங்கவடிகளிலும் கட்டினான். காலியான கைகளில் தன் பழைய முரசுக் கோல்களைத் திணித்தான்.

"முரசு எங்கேய்யா?"

"சேணத்துல தட்டுங்க. அது போதும் அதுக்கு."

"கையில பிடிக்க ஒண்ணுமில்லாம எப்படித் திருப்பறது?"

"காலால. மெல்ல."

லேபரெக்ட் தட்டினான்.

குதிரையின் காதுகள் நிமிர்ந்தன. கழுத்து வளைந்தது. இழுக்க ஆளில்லாமல், அதட்ட ஆளில்லாமல், அது நடந்தது. ஜன்னல்கள் திறந்தன. யாரோ தொப்பியைக் கழற்றினார்கள்.

பழைய அணிவகுப்பு மைதானத்தில் இப்போது முட்டைகோஸ் போட்டிருந்தார்கள். அதன் வாசலில் குதிரை நின்றுவிட்டது.

லேபரெக்ட் உதைக்கக் காலைத் தூக்கினான். "இப்ப என்ன வந்துச்சு இதுக்கு?"

கூடவே நடந்துவந்த ஆல்பன் சொன்னான்: "பின்னால எக்காளக்காரங்க வரிசை சேரணும். பன்னிரண்டு பேரும் வந்தப்புறம்தான் உள்ளே போகும்."

லேபரெக்ட் திரும்பிப் பார்த்தான். வெறும் தெரு. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பிரான்ஸ் மண்ணுக்குள் இருந்தார்கள். எப்போதும் வரிசையில் கடைசியாக வந்து சேரும் எக்காளக்காரன் கிளெமென்ஸும் அந்த ஒன்பதில் ஒருவன். ஒரு நொடிகூடப் பொறுக்காமல் தினமும் அவனைத் திட்டியது லேபரெக்டின் இதே வாய்.

மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது.

"கசாப்புக்காரன் காத்திருப்பான், சார்ஜென்ட்."

தூக்கிய காலை லேபரெக்ட் மெல்ல இறக்கினான்.

"இருங்க. கிளெமென்ஸ் எப்பவும் லேட்டுதான். வந்துடட்டும்."