கட்டுவிரியனுக்குச் சொந்தக்காரரு

ஏகாம்பரம் தோப்புல நடந்த கூத்தைச் சொல்றேன், சிரிக்காம கேளுங்க. அவரு எப்பேர்ப்பட்ட ஆளு? தும்முறதுக்கு முன்னாடிகூட தொண்டையைச் செருமி, எல்லாரும் திரும்பிப் பாத்த பிறகுதான் தும்முவாரு!

அவரு பம்புசெட்டுப் பக்கத்து வளையில கட்டுவிரியன் பூந்துடுச்சு. பாம்பு புடிக்கிற இருளர் தெரு கன்னியம்மாக்காவைக் கூட்டியாந்தாங்க. அக்கா கடப்பாரையால வளையைத் தோண்டி, பாம்பைப் புடிச்சு பானையில விட்டு, வாயைத் துணியால கட்டிட்டாங்க. வெத்தலை மடிக்கிற நேரம்கூட ஆகல!

பாம்பு விஷத்துக்கு ஏக கிராக்கின்னு யாரோ ஏகாம்பரம் காதுல ஓதிட்டாங்க. மனுஷன் கடப்பாரையைப் புடுங்கிக்கிட்டாரு.

"ஏய்! என் மண்ணுல ஊர்றதெல்லாம் என்னுது! பாம்பைக் குடுத்துட்டு இதை வாங்கிக்கோ!"

கடப்பாரை இல்லாட்டி அக்காவுக்குப் பொழைப்பே இல்ல. அக்கா என்ன பண்ணாங்க? சிரிச்சாங்க.

"நியாயந்தான் மொதலாளி. பானை என்னுது, பாம்பு உங்களுது. மடியை விரிங்க, போடுறேன்."

சொல்லிக்கிட்டே முடிச்சை அவுத்தாங்க பாருங்க! ஏகாம்பரம் ஒரே தாவுல பக்கத்துல நின்ன டிராக்டர் மேல. வேட்டி மட்டும் கீழயே நின்னுடுச்சு.

"கட்டுடி! கட்டும்மா! ஐயோ, கட்டுங்க தாயே!"

அக்கா நிதானமா கட்டினாங்க. "அப்ப பானையோட பாம்பும் என்னுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. உங்க கார் ஷெட்டுக்குள்ள இன்னொண்ணு போன தடம் பாத்தேன். அது உங்களுது, நான் தொட மாட்டேன். வரேன் மொதலாளி."

பானையை இடுப்புல வெச்சு நடந்தாங்க. பின்னாலயே பட்டாபட்டி டவுசரோட, கடப்பாரையைத் தோள்ல சுமந்துக்கிட்டு ஏகாம்பரம் ஓடுறாரு:

"தாயே! என் மண்ணுல ஊர்றதெல்லாம் உங்களுது!"