சிரிப்பு இல்லாத பாட்டு

வசுமதி கேட்ட கேள்வி இது.

"அந்தத் தாலாட்டை இத்தனை பேரு திரும்பப் பாடியிருக்காங்களே டீச்சர், அதுல ரொம்ப நல்ல கவர் எதுங்க, ரொம்ப மோசமான கவர் எதுங்க?"

ஜெசிந்தா கீபோர்டிலிருந்து நிமிர்ந்தாள். அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தரத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. அதனாலேயே அவளிடம் படிக்க வருகிறவர்கள் குறைவு. உங்கள் மகளுக்குச் சுருதி சேரவில்லை, வேறு ஏதாவது கற்றுக்கொடுங்கள் என்று ஒரு தாயிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். இன்னொரு விஷயம், வகுப்பில் அவள் வாய் திறந்து பாடமாட்டாள். கீபோர்டில் வாசித்துக் காட்டுவாள். தப்பு வந்தால் கையைத் தூக்குவாள். அவ்வளவுதான். முன்பு மேடையில் பாடியவள் என்று வசுமதிக்குத் தெரியும். பாடிக் கேட்டதில்லை.

வசுமதிக்கு முப்பத்தொன்பது வயது. டீச்சரைவிட நான்கு வயது மூத்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை. எதிரே சாம்பிள் சட்டை தொங்கும். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு தையல் தள்ளியிருந்தாலும் தனியே எடுத்துப் போட வேண்டும். பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். பாட்டையும் அப்படித்தான் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வு. ரத்தினசபாபதி நடத்தும் மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். வருகிற எல்லோரும் அந்தத் தாலாட்டைப் பாடிக் காட்ட வேண்டும். ஏனென்றால் எந்த ஊர் மேடைக்குப் போனாலும் ஜனங்கள் அதைக் கேட்காமல் விடுவதில்லை.

அது சினிமாப் பாட்டு. வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. பம்பாயிலிருந்து வந்த பெரிய பாடகி ஒருவர் பாடியது. பல்லவியில் இரண்டாவது வரி முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். உண்மையைச் சொன்னால், ஊரே அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தப் பாட்டைக் கேட்கிறது.

வசுமதிக்கு மற்றதெல்லாம் வந்துவிட்டது. சிரிப்பு மட்டும் வரவில்லை. இருமல் மாதிரி வந்தது, இல்லாவிட்டால் விக்கல் மாதிரி வந்தது. மேடையில் நின்று பாட வேண்டும் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடக் காலத்து ஆசை. இது போனால் இன்னொன்று வராது. நாற்பது வயதுக்காரியை யார் புதிதாகக் கூப்பிடப் போகிறார்கள்? அதனால்தான் கேட்டாள். நல்லதைக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம், மோசமானதைக் கேட்டு எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ளலாம்.

"உக்காருங்கக்கா," என்றாள் ஜெசிந்தா. "அஞ்சு போடறேன். யார் பாடினதுன்னு சொல்ல மாட்டேன். நீங்களே பிரிச்சு வைங்க."

போனை ஸ்பீக்கரோடு இணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

முதலில் ஒரு சின்னப் பெண். ஏதோ டிவிப் போட்டியில் பாடியதாக இருக்கும், வரிக்கு வரி கைதட்டல். வசுமதி பாதியிலேயே போதும் என்று கையைக் காட்டினாள். பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டில் இத்தனை வித்தை எதற்கு, இதைக் கேட்டால் தூங்கின பிள்ளையும் எழுந்துவிடும் என்றாள்.

இரண்டாவது, காலேஜ் பையன்கள். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வைத்துத் தாலாட்டை ஓட ஓட விரட்டியிருந்தார்கள்.

"இவனுகளை அவங்கம்மா ஒரு நாளாவது தூங்க வெச்சிருப்பாங்கன்னு நினைக்கறீங்க?" என்றாள் வசுமதி. ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

மூன்றாவது ஒரு கல்யாண மண்டபம். பாடியவர் ஆண். நடுவில் யாரோ மைக்கை வாங்கி, சாப்பிட வேண்டியவர்கள் மாடிக்கு வரவும் என்று அறிவித்தார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடினார். பாவம், பாஸ் போட்டுவிடலாம் என்றாள் வசுமதி.

நான்காவது தொடங்கி இரண்டு வரிகூட ஆகவில்லை, வசுமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவும் மேடைதான், பின்னால் கூட்டத்தின் இரைச்சல் இருந்தது. ஆனால் குரல் அப்படியே பம்பாய்ப் பாடகி. மூச்சு எடுக்கிற இடம், வார்த்தையை இழுக்கிற விதம் எல்லாமே. அந்த இடம் வந்தது. சிரிப்பும் வந்தது. கூட்டம் விசிலடித்தது.

"இதுதானுங்க டீச்சர். சாம்பிளுக்கும் இதுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லைங்க. இவங்ககிட்ட நான் ஒரு வாரம் படிச்சாப் போதும், ஞாயித்துக்கிழமை எனக்குத்தான்."

ஜெசிந்தா ஐந்தாவதைப் போட்டாள்.

இதில் வாத்தியங்களே சரியாக இல்லை. தபேலாகூட மிஷினில் அடித்தது. ஒரு இளம்பெண் பாடினாள். பக்கத்து அறையில் யாரோ படுத்திருப்பதுபோல அடக்கிப் பாடினாள். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் சிரிப்பு இல்லை. குரல் கொஞ்சம் இறங்கியது, ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி எடுத்துக்கொண்டது.

வசுமதி உதட்டைப் பிதுக்கினாள். இந்தப் பெண் பாட்டை ஒழுங்காகக் கேட்கவே இல்லை என்றாள். முக்கியமான சிரிப்பையே விட்டுவிட்டாள். அந்த இடத்தில் குரல் வேறு உடைகிறது. மூச்சுப் பயிற்சி போதாது. சரணத்தில் ஒரிஜினலில் இருக்கிற குழைவும் இல்லை. இப்படி ஒரு பீஸ் மேசைக்கு வந்தால் திருப்பிக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவேன் என்றாள்.

"அப்ப மோசமானது இதுதானா?"

"இதேதானுங்க. அந்தப் பசங்களாவது வேணும்னே மாத்துனாங்க. இந்தப் பொண்ணு அதே மாதிரி பாடப் பார்த்து, முடியாம விட்டிருக்குது."

ஜெசிந்தா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய சிடியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஐந்தாவதை இதிலிருந்துதான் போனுக்கு ஏற்றினாளாம். மேலே மார்க்கரில் தேதி எழுதியிருந்தது. படம் வெளிவருவதற்கு எட்டு மாதம் முந்தைய தேதி.

வசுமதி அதை இரண்டு தடவை படித்தாள். அப்போது பாட்டே வெளியில் வரவில்லையே, இந்தப் பெண் எதைக் கேட்டுப் பாடினாள் என்று கேட்டாள்.

ஜெசிந்தா பொறுமையாக விளக்கினாள். பெரிய பாடகிகள் காலையில் விமானத்தில் வந்து மாலையில் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பாட்டும் தெரியாது, தமிழும் தெரியாது. அதனால் முதலிலேயே வேறு ஒருத்தியை வைத்துப் பாட்டு முழுவதையும் பாடவைத்துப் பதிவு செய்துவிடுவார்கள். அதற்கு ட்ராக் என்று பெயர். பெரிய பாடகி அதைக் காதில் மாட்டிக் கேட்டு, வரிவரியாகப் பாடுவார். வேலை முடிந்ததும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். இந்த ஒன்று தப்பித்தது. பாடியவள் ஒலிப்பதிவு செய்தவரிடம் கெஞ்சி ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டாள்.

யார் அவள் என்று வசுமதி கேட்கவில்லை. சிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இருபத்தோரு வயசுக்கா அப்ப," என்றாள் ஜெசிந்தா.

வசுமதி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். ஜெசிந்தா வகுப்பில் செய்வதுபோலவே கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"நீங்க சொன்னது சரிதான். அந்த எடத்துல என்னமோ குரல் இறங்கிடுச்சு. திருப்பிப் பாடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்மா, ட்ராக்தானேன்னாங்க."

பம்பாய்ப் பாடகி அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, இங்கே ஏன் நிற்கிறது என்று கேட்டாராம். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்ப் பாடும்போது, அந்த இடம் வந்ததும் லேசாகச் சிரித்தார். அது நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது என்றாள் ஜெசிந்தா. நல்ல கவர் எது என்று கேட்டால் அதுதான். அவர் கேட்டார், பிறகு தனக்கு வந்ததைப் பாடினார்.

"அப்ப மோசமானதுங்க?"

"நாலாவது."

"அது அச்சு அசலா இருந்துச்சேங்க. யாருங்க அது?"

"அதுவும் நான்தான்."

ஜெசிந்தா சொல்லிக்கொண்டே போனாள். ட்ராக் பாடக் கூப்பிடுவது நின்றுபோன பிறகு இதே ரத்தினசபாபதியிடம் வந்து சேர்ந்தாள். முதல் மேடையிலேயே இந்தப் பாட்டைக் கேட்டார்கள். அவள் தான் ட்ராக்கில் பாடிய மாதிரியே பாடினாள். சிரிப்பு எங்கே என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். பிறகு எல்லோரும் கத்தினார்கள். ஜனங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பாடும்மா என்றார் ரத்தினசபாபதி. அவர் கெட்டவரில்லை, அவருக்கு விஷயம் தெரியாது. இவளும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு மாதம் பம்பாய்ப் பாடகியைக் கேட்டுக் கேட்டு, கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினாள். அப்புறம் ஒன்பது வருஷம், ஊர் ஊராக, அப்படியே பாடினாள். விசில் ஒரு இடத்திலும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிரிக்கப்போவதில்லை என்றாள் வசுமதி. ஐந்தாவது மாதிரிதான் பாடப்போகிறாளாம். ரத்தினசபாபதி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் செக்கிங் மேசை எங்கேயும் ஓடிவிடாது. குழுவில் அந்த இடத்துக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

"போன் வேண்டாங்க டீச்சர். நீங்க பாடுங்க. நான் உங்க பின்னாடியே பாடறேன்."

ஜெசிந்தா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பாடினாள்.

முதல் வரி மெதுவாக வந்தது. இரண்டாவது வரி வந்தது. அந்த இடத்தில் சிரிப்பு வந்தது.

நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து பாடினாள். மறுபடியும் சிரிப்பு, மூச்சு உட்பட அதே சிரிப்பு. மூன்றாவது தடவை அந்த இடத்துக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. வரி வெறுமனே முடிந்தது.

வசுமதிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சட்டென்று ஸ்பீக்கர் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்த அஞ்சாவது அதுலதான் இருக்குதுங்களே டீச்சர். நாலு நாள் கேட்டுப் பழகினீங்கன்னா பழையபடி வந்துடும்."

"வரும்க்கா," என்றாள் ஜெசிந்தா. "நல்லாவே வரும். ஆனா அதுவும் கவர்தானே?"