இனாமாக வந்த ஆட்டம்

பொன்வரை நாட்டை ஆண்ட கனகராயரிடம் ஒரு மேசை வந்து சேர்ந்தது. அன்றோடு அரண்மனையில் எல்லாருடைய நிம்மதியும் போயிற்று. கருங்காலி மேசை. மேலே கட்டம் கட்டமாகச் சிப்பி பதித்திருந்தது. காயை வெட்டினால் உள்ளே எங்கிருந்தோ 'கிணிங்' என்று மணி ஒலிக்கும். விற்றவன் பொன்னரங்கன் என்ற கப்பல் வணிகன். மேசையோடு 'கோட்டைப்பிடி' என்ற ஆட்டத்தின் காய்களையும் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த இனாம் அரசரைப் பிடித்து ஆட்டியது. காலையில் அமைச்சரைத் தோற்கடிப்பார், மதியம் தளபதியை. மாலையானால் தாண்டவராயருக்கு ஆள் வரும். தாண்டவராயர் அவையின் மதியூகி, வாயைத் திறந்தால் எதிராளி ஓடவேண்டியதுதான். அப்பேர்ப்பட்டவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் களிமண்ணாகிவிடுவார். யானையை எங்கே வைப்பது என்று நெற்றியைச் சொறிந்து, சரியாக அரசரின் வாயில் கொண்டுபோய் வைப்பார். அரசருக்கு ஒரே குஷி.

சில மாதம் கழித்துப் பொன்னரங்கன் மறுபடி வந்தான். "மகாராஜா, காய்களை இப்போது தனியாகவும் விற்கிறேன். மேசையே வேண்டாம், எந்தப் பலகையிலும் ஆடலாம். ஊருக்கு ஒன்று வாங்கிச் சாவடியில் வைத்தால், தாங்கள் அனுபவிக்கும் இன்பத்தைக் குடிமக்களும் அனுபவிப்பார்கள்" என்றான். அவன் சொன்ன விலையைக் கேட்டுப் பொக்கிஷக்காரருக்கு இருமல் வந்துவிட்டது.

கையிருப்பு இருந்தது. ஆனால் அது பெரிய ஏரியின் மதகுக்கு ஒதுக்கியது. மதகு விரிசல் விட்டிருந்தது. மழைக்கு முன்னால் கட்டாவிட்டால் கீழே உள்ள கழனியெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். கட்டித் தருவதாகக் குடியானவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர் தாண்டவராயர்.

வணிகனை விடுதிக்கு அனுப்பிவிட்டு அரசர் கேட்டார். "தாண்டவராயரே, தனியாகக் காசு போட்டு வாங்க இந்த ஆட்டம் தகுமா, தகாதா?"

தகும் என்றால் மதகு போச்சு. தகாது என்றால் அரசரின் ஆசை ஆட்டத்தைக் குப்பை என்று சொன்னதாகும். தாண்டவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒன்றைத் தனியாக எடைபோட வேண்டுமானால், அது எதோடு ஒட்டிக்கொண்டு வந்ததோ அதைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், மகாராஜா."

"அவ்வளவுதானே?" அரசர் மடைப்பள்ளியிலிருந்து காய்கறி நறுக்கும் பலகை ஒன்றைத் தருவித்தார். கரியால் கட்டம் கிழித்து, தாண்டவராயரோடு ஆடி, வழக்கம்போல் ஜெயித்தார். "பார்த்தீரா? சிப்பியும் இல்லை, மணியும் இல்லை. ஆனாலும் அதே சுகம்."

"இன்னும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, மகாராஜா. நாளைக் காலையில் அதையும் கழற்ற உத்தரவு வேண்டும்."

"என்ன அது?"

"கழற்றியபின் தாங்களே சொல்வீர்கள்."

அரசருக்கு ஆவல் தாங்கவில்லை. சரி என்றுவிட்டார்.

தாண்டவராயர் நேரே விடுதிக்குப் போனார். "பொன்னரங்கரே, உம்முடைய ஆட்டம் உப்புச் சப்பில்லாதது என்று அரசரிடம் சொல்லப் போகிறேன். நாளை ஒரு திரைக்கு அந்தப் பக்கம் கை ஒன்று ஆடும். அந்தக் கையை மூன்று ஆட்டத்தில் தோற்கடித்தால் வாயை மூடிக்கொள்கிறேன்" என்றார். கை தாண்டவராயருடையதுதான் என்று வணிகன் தானாகவே முடிவு செய்துகொண்டான்.

மறுநாள் பலகையின் நடுவே திரை தொங்கியது. அடியில் காய்கள் தெரியவும் கை நுழையவும் இடைவெளி. அரசர் மோதிரங்களைக் கழற்றிவிட்டு, பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பக்கம் அமர்ந்தார். தாண்டவராயரும் சத்தமில்லாமல் அவர் பின்னாலேயே நின்றார்.

முதல் ஆட்டம் தாம்பூலம் மெல்லும் நேரம்கூட ஓடவில்லை. அரசரின் கோட்டை விழுந்தது.

"என்ன ஓய், யானையை இப்படியா தெருவில் நிறுத்துவது?" என்றான் வணிகன்.

இரண்டாவது ஆட்டத்தில் அரசரின் இரு குதிரைகளும் போயின. "உமக்குக் காய் எதற்கு? கொட்டாங்கச்சி வைத்து ஆடும்."

திரைக்குப் பின்னால் அரசரின் காது சிவந்தது. தாண்டவராயர் கைகூப்பிக் கெஞ்சினார், பேசவேண்டாம் என்று.

மூன்றாவதும் முடிந்தது. வணிகன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "தாண்டவராயரே, உம்மோடு ஆடியபின் எனக்கு ஒன்று புரிகிறது. உம்மைவிட நம் அரசரே பரவாயில்லை."

திரை அறுந்து கீழே விழுந்தது. எதிரே கனகராயர் நின்றார். பொன்னரங்கன் சாஷ்டாங்கமாகத் தரையில் விழுந்தான்.

"இவனை..." என்று ஆரம்பித்தார் அரசர்.

"தண்டிக்காதீர்கள், மகாராஜா" என்று குறுக்கே வந்தார் தாண்டவராயர். "இந்த ஆட்டத்தைத் தங்களோடு உண்மையாக ஆடியவர் இவர் ஒருவர்தான்."

அரசர் மெல்லத் திரும்பினார். வாசலில் நின்ற அமைச்சர் தரையைப் பார்த்தார். தளபதி விட்டத்தைப் பார்த்தார். அரசருக்கு விஷயம் விளங்கியது, வலிக்கவும் செய்தது.

பிறகு கேட்டார். "நேற்று ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றீரே. அது என் சிம்மாசனம்தானா?"

"ஆமாம், மகாராஜா. தங்களுக்கு இன்பம் தந்த ஆட்டம் அதோடுதான் வந்தது. குடிமக்களுக்கும் அதே இன்பம் கிடைக்கவேண்டுமானால், சாவடிக்கு ஒரு சிம்மாசனமும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்."

அரசர் தம்மை மறந்து சிரித்தார். தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டுப் பொக்கிஷக்காரரைக் கூப்பிட்டு, மதகு வேலையை அன்றே தொடங்கச் சொன்னார். தம் பட்டுச் சால்வையையும் தாண்டவராயருக்குப் போர்த்தினார். போர்த்தியவர் சால்வை நுனியை விடவில்லை.

"அதிருக்கட்டும் ஓய். தினமும் சாயங்காலம் வந்து என்னிடம் தோற்றீரே, அது?"

"அது உத்தியோகத்தோடு இனாம், மகாராஜா" என்றார் தாண்டவராயர். "தனியாக விலை பேசியிருந்தால் பொக்கிஷம் தாங்கியிருக்காது."