பொதி எறக்குன நாள்

ஒரு காட்டுக்கு நடுவுல வத்தாத சுனை ஒன்னு இருந்துச்சு. அந்தச் சுனையைச் சுத்தி ஒன்பது கழுதைங்க ராஜா மாதிரி வாழ்ந்துச்சுங்க. ஆமாங்க, கழுதைங்கதான்!

அதுல ஒருத்தி செவலை. கதை சொல்றதுல அவளை அடிச்சிக்க அந்தக் காட்டுலயே ஆள் கிடையாது. அன்னிக்கு அவளுக்குக் காலு தரையில நிக்கல. ஏன்னா அன்னிக்குத்தான் 'கடந்து வந்த நாள்'! வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற திருவிழா!

விஷயம் என்னன்னா, நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஒன்பதும் ஒரு சூளையில செங்கல் சுமந்துச்சுங்க. விடிஞ்சா பொதி, பொழுது அடைஞ்சா பொதி. முதுகுத்தோல் உரிஞ்சு போச்சு. சூளைக்குப் பக்கத்துலயே ஒரு சர்ச். ஒரு ஞாயித்துக்கிழமை அங்க போதகர் மைக்ல ஒரு வேதாகமக் கதை சொன்னாரு.

"இஸ்ரவேல் ஜனங்க எகிப்துல பார்வோன்ங்கற ராஜாவுக்கு அடிமையா செங்கல் அறுத்தாங்க..."

செங்கல்னு கேட்டதும் ஒன்பது ஜோடி காதும் நட்டுக்கிச்சு!

"அடியாத்தி! இது நம்ம கதை!"ன்னு செவலை துள்ளுனா.

அந்த ஜனங்களை மீட்க மோசே வந்ததும், கடல் ரெண்டா பொளந்ததும், ஜனங்க தப்பிச்சதும் கேக்கக் கேக்க அவளுக்கு மெய்சிலிர்த்துப் போச்சு. அந்த வாரமே சூளையை ஒட்டி ஓடுன ஆத்துல தண்ணி கணுக்கால் அளவுக்கு வத்துச்சு. ஒன்பதும் அதைத் தாண்டி ஒரே ஓட்டம்! முதலாளி தொரத்திட்டு வர்றதுக்குள்ள மேற்கால மழை பேஞ்சு வெள்ளம் பொங்கி வந்துருச்சு. அவரு அக்கரையிலயே நின்னு கையைப் பிசைஞ்சாரு.

அதுலேர்ந்து வருஷா வருஷம் அதே நாள்ல கழுதைங்க ஒன்னு கூடும். பட்ட கஷ்டம் மறக்கக் கூடாதுன்னு முதல்ல ஆளுக்கு ஒரு கொத்து வேப்பிலை மெல்லும். அப்புறம் செவலை கதை சொல்லுவா. அப்புறம் வயிறு முட்ட பச்சைப்புல் விருந்து!

சரி, அந்தப் புல்லை யாரு கொண்டு வர்றது?

அங்கதாங்க இருக்கு விஷயமே. இந்தக் கோடை தொடங்குனதும் மலைமேல தண்ணி வத்திப் போய், ஆடுங்க கூட்டமா இறங்கி வந்துச்சுங்க. கழுதைங்களுக்குத் தலைவன் உப்பிலி. அவன் சுனையை மறிச்சு நின்னான்.

"தண்ணி வேணுமா? தாராளமா குடிங்க! ஆனா தினமும் ஒவ்வொருத்தரும் நாலு கட்டு புல்லு சுமக்கணும்!"

வேற வழி? ஆடுங்க சுமந்துச்சுங்க. கோரைக் கயிறு திரிச்சு, புல்லு அடைக்கற பொதிவலையைத் தினமும் காலையில முதுகுல கட்டிவிட்டது கழுதைங்கதான். பொதி கட்டறது எப்படின்னு கழுதைக்குத் தெரியாதா என்ன!

அன்னிக்குக் காலையில வெள்ளச்சிங்கற ஆடு உப்பிலிகிட்ட வந்தா. நிறைமாசம்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்கண்ணே. வயித்துல குட்டி இருக்கு. பொதி அழுத்துனா தாங்காது."

"விருந்து நாளும் அதுவுமா லீவு கேக்கறியா?"

"கிட்டத்துல புல்லும் தீந்து போச்சுண்ணே."

"அப்போ தூரமா போ! புல்லையும் நீயே தேடு, கட்டும் ஒன்னு குறையக் கூடாது!"

பக்கத்துல நின்ன செவலைக்கு இது நல்லாவே கேட்டுச்சு. ஆனா அவ அப்போ பார்வோன் குரல்ல எப்படிக் கர்ஜிக்கறதுன்னு பழகிட்டு இருந்தா. காதுல விழுந்துச்சு, மனசுல விழல.

சாயங்காலம் கழுதைங்க வட்டமா உக்காந்துச்சுங்க. வேப்பிலை மென்னாச்சு. செவலை நடுவுல வந்து நின்னா. அடடா, என்ன குரலு! என்ன நடிப்பு!

வழக்கமா ஆடுங்க கட்டைப் போட்டுட்டு சாயங்காலத்துக்கு முன்னாடியே போயிடும். இன்னிக்குத் தூரம் போனதால லேட்டு. கதை பாதியில ஓடிட்டு இருக்கறப்போதான் தள்ளாடித் தள்ளாடி வந்து சேந்துச்சுங்க. பொதியை அவுக்க யாரும் எந்திரிக்கல. அப்படியே நின்னுச்சுங்க.

செவலை நெஞ்சை நிமித்தி பார்வோனா மாறுனா. "என்னது, மூனு நாள் விடுமுறையா? சோம்பேறிங்களா! இனிமே செங்கல் மண்ணுல கலக்கற வைக்கோலையும் நீங்களே தேடுங்க! செங்கலும் ஒன்னு குறையக் கூடாது!"

"அய்யோ பாவி!"ன்னு கழுதைங்க கத்துச்சுங்க.

உப்பிலி கண்ணைத் தொடைச்சுக்கிட்டான். "இப்படியும் ஒருத்தன் இருப்பானா? அவன்லாம் நல்லா இருப்பானா?"

அப்போ பின்னாலேர்ந்து ஒரு மெல்லிசான குரல். வெள்ளச்சிதான்.

"செவலையக்கா... எங்க கதை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாத் தலையும் திரும்புச்சு.

வெள்ளச்சி கண்ணு அகல விரிஞ்சிருந்துச்சு. "அப்புறம் என்னக்கா ஆச்சு? அவங்க தப்பிச்சாங்களா? அந்த மோசே இந்தப் பக்கம் எப்பக்கா வருவாரு?"

செவலை அவளை உத்துப் பாத்தா. வெள்ளச்சி வயித்துக்குக் கீழ கயிறு இறுக்கிக் கெடந்துச்சு. ரெட்டை முடிச்சு. சூளையில போடுற அதே முடிச்சு. காலையில அதைப் போட்டது செவலையேதான்!

"ஏய்! உன்னை யாரு கதை கேக்கச் சொன்னா?"ன்னு உப்பிலி எகிறுனான். "கொட்டிட்டு அடுத்த நடை போ!"

"உப்பிலிண்ணே!"ன்னா செவலை. "இப்போ நீங்க பேசுன மாதிரி யாரு பேசுவா தெரியுமா? அந்தப் பார்வோன்!"

"யாரைப் பாத்து என்ன சொல்றே? நான் அடி வாங்குனவன்! என் முதுகைப் பாரு, தழும்பைப் பாரு!"

"பாத்துட்டேண்ணே. இவ்ளோ வலி தெரிஞ்ச நாமளே இவங்க முதுகுல எப்படிண்ணே கட்டுனோம்?"

இன்னொரு கழுதை முனகுச்சு. "நாமதான் தண்ணி குடுக்கறோமே..."

"நம்ம முதலாளி தண்ணி காட்டலையா? தொட்டி நெறைய காட்டுனாரே! அதுக்காக அங்கயே இருந்தோமா?"

உப்பிலி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

"நாலு வருஷமா கடல் பொளந்ததையே பெருசா சொல்லிட்டுத் திரிஞ்சேன்"ன்னா செவலை. "கதையில நாம இப்போ எந்தப் பக்கம் நிக்கறோம்னு பாக்கவே இல்லையே!" அவ வெள்ளச்சி பக்கம் நடந்தா.

"அந்த முடிச்சைத் தொட்டே, இந்தக் கூட்டத்துல உனக்கு எடம் இல்ல!"ன்னு உப்பிலி கத்துனான். "சுனையில ஒரு சொட்டு தண்ணி கிடையாது!"

செவலை நின்னா. இந்தச் சுனையை விட்டா அவளுக்கும் போக்கிடம் ஏது? கோடை வேற. ஒரு மூச்சு இழுத்து விட்டா.

குனிஞ்சு முடிச்சைப் பல்லால கடிச்சு இழுத்தா! ஒரு இழு, ரெண்டு இழு...

தொப்!

பொதி விழுந்துச்சு. வெள்ளச்சி ஒடம்பை ஒரு தடவை சிலுப்பிக்கிட்டா.

அவ்ளோதான்! "நான் கட்டுனதை நான் அவுக்கறேன்!"ன்னு ஒரு கழுதை ஓடி வந்துச்சு. பின்னாலேயே இன்னொன்னு! தொப், தொப்புன்னு காடு முழுக்க ஒரே சத்தம்! ஆடுங்க குதிச்ச குதியில புழுதி பறந்துச்சு!

உப்பிலி மட்டும் தனியா நின்னான். "அப்போ... நாளைக்குப் புல்லு யாரு கொண்டு வருவா?"

"உங்களுக்கு நாலு காலு இருக்குல்ல? நடந்து போய் மேயுங்கண்ணே, தொப்பையாவது குறையும்!"ன்னா செவலை. ஆடு, கழுதை எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சுங்க.

வெள்ளச்சி நேரா சுனைக்கு நடந்தா. யார்கிட்டயும் கேக்கல. யாரும் மறிக்கல. ஆசை தீரக் குடிச்சா. மூனாம் நாள் அதே கரையில அவளுக்கு ரெண்டு குட்டி பொறந்துச்சு, ரெண்டும் நல்லா கொழுகொழுன்னு!

அடிமைத்தனத்துலேர்ந்து தப்பிச்ச கதையைக் கொண்டாடுனா மட்டும் போதாது, நம்ம முதுகுல இருந்து எறங்குன சுமையை இன்னொருத்தர் முதுகுல ஏத்தாம இருந்தாத்தான் அந்தக் கதை நமக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்!