வடிவாம்பாள் வெட்டிய மடை

செம்பகத்துறைக்காரர்கள் தங்கள் ராஜாவை ஊரைவிட்டே துரத்தியவர்கள். பசு கன்று போட்டால் வரி, பந்தல் போட்டால் வரி என்று பிடுங்கித் தின்றவனைத் துரத்தியதில் ஒரு தப்பும் இல்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் சொல்லவே நாக்கூசுகிறது.

துரத்தும்போது முன்னால் நின்றவர்கள் இரண்டு பண்டிதர்கள், மருதவாணரும் இளஞ்சேயரும். ராஜா ஆற்றைத் தாண்டும்வரை உயிருக்குயிராக இருந்தவர்கள், அவன் தாண்டியதும் முறைத்துக்கொண்டார்கள்.

"ஊருக்கு ஒரே ஒரு காவல் போதும். திருட்டையும் அடிதடியையும் தடுக்கட்டும், வழக்கைத் தீர்க்கட்டும். அதற்குமேல் எதிலும் கை வைக்கக் கூடாது" என்றார் மருதவாணர்.

"அந்தக் காவலுக்கு நெல் அளக்க மாட்டேன் என்பவனை என்ன செய்வீர்? பிடுங்குவீர். அப்புறம் உமக்கும் ராஜாவுக்கும் என்ன வித்தியாசம்? காவலும் கடைச்சரக்குதான் ஐயா. வேண்டியவன் வேண்டிய இடத்தில் வாங்கிக்கொள்ளட்டும்" என்றார் இளஞ்சேயர்.

சத்திரத்துக் கூடத்தில் நாள் தவறாமல் இதே பேச்சு. வெற்றிலைத் தட்டு வராமல் சபை தொடங்காது என்பது அந்த ஊர் வழக்கம். வெற்றிலை, வடிவாம்பாளின் கொடிக்காலிலிருந்து போகும். புருஷன் இல்லாத அவளுக்கு அந்தக் கொடிக்கால்தான் சோறு. தட்டை அவளே கொண்டுபோய் வைப்பாள். எச்சில் தெறிக்கத் தெறிக்க இரண்டு பேரும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள். படிக்கம் நிரம்பியதும் தூணோரம் துப்புவார்கள்.

சபை ஒரு முடிவுக்கும் வராததால், ஊரில் தாமாகவே புலிக் காவல், கருடக் காவல் என்று இரண்டு காவல்கூட்டங்கள் முளைத்தன. வடிவாம்பாள் புலிக் காவலுக்கு நெல் அளந்தாள். வாய்க்காலில் அவளுக்கு மேலே நிலம் வைத்திருந்த கோனேரி, கருடக் காவலுக்கு அளந்தான்.

ஒரு கோடையில் கோனேரி தன் வாழைக்குத் தண்ணீர் போதவில்லை என்று அவள் மடையை மண் போட்டு அடைத்துவிட்டான். காலைத் தண்ணீர் கொடிக்காலுக்கு, மாலைத் தண்ணீர் வாழைக்கு என்பது அவர்கள் பாட்டன் காலத்து முறை. அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வெற்றிலைக் கொடியோ தண்ணீரில்லாமல் கோடை வெயிலை வெகுநாள் தாங்காது.

வடிவாம்பாள் புலிக் காவலிடம் ஓடினாள். புலித் தலைவனும் கருடத் தலைவன் சூரப்பனும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு மடைக்காக நம் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வதா என்று, இருவருமே அந்த வாய்க்கால் பக்கம் போவதில்லை என ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

இளஞ்சேயருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பார்த்தீர்களா? இரண்டு காவல் இருந்தால் வெட்டிக்கொண்டு சாவார்கள் என்றாரே மருதவாணர்! ஒரு சொட்டு ரத்தம் சிந்தியதா?"

"ரத்தம் சிந்தலைங்க ஐயா. தண்ணியும் வரலைங்களே" என்றாள் வடிவாம்பாள்.

அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

மருதவாணர் விடுவாரா? அவளைக் காட்டிக் காட்டியே ஊரைத் திரட்டினார். "இறுதித் தீர்ப்பு சொல்ல ஒருவன் இல்லாததால் வந்த வினை இது!" ஊர் தலையாட்டியது. ஆள்பலம் அதிகமென்று கருடக் காவலே ஊரின் ஒரே காவலாயிற்று. புலிக் காவல் கலைந்தது. இனி எவரும் தானாகக் கை நீட்டக் கூடாது, முறையீடு எல்லாம் காவலிடமே என்று பறை அறைந்தார்கள்.

வடிவாம்பாள் சூரப்பனிடம் முறையிட்டாள். அவன், "சாட்சிகளை விசாரிக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும். மடையை யாரும் தொடக் கூடாது" என்றான். மருதவாணர், முறை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பூரித்துப்போனார்.

இருக்கிறது இருக்கிறபடி என்றால் அடைத்தது அடைத்தபடி. கோனேரியின் வாழை இரண்டு வேளையும் குடித்தது. கொடி பழுத்து, இலை சுருண்டு, காம்போடு உதிர ஆரம்பித்தது.

அன்றைக்கு வடிவாம்பாள் சபைக்குத் தட்டு கொண்டுபோகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்கப் பட்டப்பகலில் மடையை வெட்டித் திறந்தாள். கோனேரியின் ஒரு வாழையைத் தொடவில்லை. அவனை ஒரு வார்த்தை பேசவில்லை. தன் காலைத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததும் மடையை அவளே மூடினாள். கரை ஏறுவதற்குள் காவலர்கள் மண்வெட்டியைப் பிடுங்கி, அவளைச் சத்திரத்துக்கு இழுத்துப்போனார்கள்.

சூரப்பன் தீர்ப்பு சொன்னான்: "தண்ணீர் இவளுடையதே. ஆனால் காவலின் ஆணையை மீறியதால் இந்தக் கோடை முழுவதும் இவள் மடைக்குத் தண்ணீர் கிடையாது."

"ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்தால் ஊர் என்ன ஆவது? சூரப்பன் செய்ததே சரி" என்றார் மருதவாணர்.

"தன் உடைமையைத் தான் காத்துக்கொள்ள எவன் அனுமதியும் வேண்டாம். இதைத்தானே தொண்டை கிழியச் சொன்னேன்? அன்று அந்தக் காவலர்கள் ஒதுங்கிக்கொண்டதும் சரி, இன்று இவள் வெட்டியதும் சரி" என்றார் இளஞ்சேயர்.

வடிவாம்பாள் இரண்டு பேரையும் பார்த்தாள். "இனி எங்கொடி செத்ததுதான். நீங்க பேசுங்க" என்றாள்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். ஒதுங்கிய புலித் தலைவன், தடுத்த சூரப்பன், வெட்டிய வடிவாம்பாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வடிவாம்பாள் செய்ததே சரி. தண்ணீர் அவளுடையது என்பதால் மட்டும் அல்ல. அதைச் சூரப்பனே ஒப்புக்கொண்டுவிட்டான். ஒருவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்குகிறவன், அவருக்காகத் தான் வெட்டுவேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்குகிறான். வெட்டாமல் நின்ற அன்றே அவன் ஆணை செத்தது. புலித் தலைவனோ அவளிடம் நெல்லை வாங்கிக்கொண்டு, அவள் தண்ணீரைக் கொடுத்துத் தனக்குச் சமாதானம் வாங்கினான். பண்டிதர்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று கேட்கிறீர்களா? அந்த வழக்கு இன்னும் சத்திரத்தில் நடக்கிறது. வெற்றிலை மட்டும் இப்போது பக்கத்து ஊரிலிருந்து வருகிறது.